பூனை மூலம்

நதிமூலம், ரிஷிமூலம் இரண்டையும் விசாரிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். பூனை மூலத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. விசாரிக்கலாமா, கூடாதா என்ற கேள்வியே அவர்கள் காலத்தில் எழுந்திராது. பூனை எங்கிருந்தோ வரும். அரிசி மண்டியில் நாலு எலியைப் பிடிக்கும். பரணில் குட்டி போடும். ஒருநாள் காணாமற் போய்விடும். அதன் தகப்பன் யார் என்று கேட்டால், ஊரிலுள்ள மதில் சுவர்களையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கும்.

இன்று நிலைமை வேறு. எங்கள் திண்டுக்கல்லிலேயே பெர்சியன் பூனைகள் கடைக் கூண்டுகளில் படுத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை ஜமீன்தார் பார்வை பார்க்கின்றன. மலைக்கோட்டைப் பாறை சித்திரை மத்தியானத்தில் வீசுகிற அனலில் மனிதர்களே சட்டையைக் கழற்றிப் போடுகிறார்கள். இவையோ பிறவியிலேயே கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தவை. வாங்குகிறவர்களுக்குப் பூனையோடு சில சமயம் ஒரு காகிதமும் கிடைக்கிறது. அதற்கு வம்சாவளிச் சான்றிதழ் என்று பெயர். அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பிராணிகளின் பூர்வோத்தரம் பேசுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கொசவபட்டியிலும் புகையிலைப்பட்டியிலும் ஜல்லிக்கட்டு நடக்கும்போது ஓரமாக நின்று காதைக் கொடுத்துப் பாருங்கள். வாடிவாசலிலிருந்து ஒரு காளை வெளியே பாய்ந்து மறைவதற்குள், அதன் தாய் எந்த ஊர்ப் பசு, கன்றாக யார் வாங்கினார், எத்தனை கைமாறியது என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்ப்பவர்களும் அப்படித்தான். அந்தச் சேவலின் மூக்கு வளைவைப் பார்த்தே தாத்தா பெயரைச் சொல்லிவிடுவோம் என்பார்கள். அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் ஆட்டை விற்கிறவன்கூட ஆட்டின் பல்லைக் காட்டுவதற்கு முன்னால் அதன் தாயின் பெருமையைக் காட்டிவிடுகிறான். எல்லாம் வாய்க் கணக்குதான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கேட்கிற நாளுக்கு நாள், வாங்குகிற ஆளுக்கு ஆள் அது வளரும்.

எழுதிவைத்தால் மட்டும் வளராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? 1815ஆம் வருஷம் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாக நியமனம் பெற்ற காலின் மெக்கன்சி, தென்னாட்டில் ஆட்களை அனுப்பி ஏராளமான சுவடிகளையும் செவிவழிக் கதைகளையும் சேகரித்தார். அவற்றில் பாளையக்காரர்களின் வம்சாவளிகளும் உண்டு. சிலவற்றைப் படித்துப் பார்த்தால் பாட்டன்மார் எல்லாரும் புலியைக் கொன்றவர்களாகவோ, ராஜ சபையில் மல்லனை வீழ்த்தியவர்களாகவோ இருக்கிறார்கள். வயிற்றுவலியில் செத்த பாட்டன் ஒருவன்கூடவா இருந்திருக்க மாட்டான்? இருந்திருப்பான். வம்சாவளி எழுதுகிறவனுக்கு அவனால் என்ன லாபம்? அதனால் விட்டுவிட்டார்கள்.

என் தங்கை வீட்டுப் பூனையின் சான்றிதழும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்ததுதான். தங்கை நாகல்நகர்ப் பக்கம் குடியிருக்கிறாள். அவள் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதற்காக, ஒரு பெரிய நகரத்து வியாபாரியிடமிருந்து பெண்குட்டி ஒன்று வரவழைத்தார்கள். உடம்பு முழுவதும் செம்பட்டை நிறம். காகிதத்தில் அதன் பெயர் லேடி ரோஸலிண்ட். வீட்டுக்கு வந்த அன்றைக்கே அது செவ்வந்தியாகிவிட்டது.

அந்தக் காகிதத்தை நான் வாங்கிப் படித்தேன். சுற்றிலும் தங்கக் கரை. நடுவில் நாலு தலைமுறை. சுல்தான், டயானா, பிரின்ஸ், பேரரசி என்று ஒரே அரண்மனை வாசம். தேதி ஒன்று இல்லை. ஊர் ஒன்று இல்லை. யார் வீட்டில் பிறந்தது என்ற விவரம் இல்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கற்பனையின் வாசனை எளிதில் பிடிபடும். குற்றம் குறையுள்ள பாத்திரம் ஒன்றுகூட இல்லாத கதையை எந்தப் பத்திரிகாசிரியரும் நம்ப மாட்டார்.

பூனைக்கு வம்சாவளி எழுதும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், இங்கிலாந்தில் போய் நிற்கிறது. அங்கே பந்தயக் குதிரைகளுக்கு 1791லேயே ஒரு வம்சப் புத்தகம் வெளிவந்துவிட்டது. ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்கு 1822ல். பூனை அதற்கு வெகுகாலம் காத்திருந்தது. ஹாரிசன் வேர் என்ற ஓவியர் 1871ல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் ஒரு பெரிய பூனைக் கண்காட்சி நடத்தினார். அவரையே தலைவராகக் கொண்டு 1887ல் தேசியப் பூனைச் சங்கம் பிறந்தது. பிறகு 1910ல், பல சங்கங்கள் சேர்ந்து பூனைகளைப் பதிவு செய்வதற்கென்றே ஒரு பொதுக்குழுவை ஏற்படுத்திக்கொண்டன. அமெரிக்காவில் அதற்கு நாலு வருஷம் முன்பே ஒரு சங்கம் வந்துவிட்டது.

இந்த வரலாற்றில் எனக்கு மறக்காத ஒரு சம்பவம் உண்டு. 1884ல் பாங்காக்கில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த எட்வர்ட் கோல்ட் என்பவர், தம் தங்கை லிலியன் வேலிக்கு ஒரு ஜோடி சயாமியப் பூனைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆணின் பெயர் ஃபோ, பெண்ணின் பெயர் மியா. அவற்றுக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. 1885ல் கிரிஸ்டல் பாலஸில் தாய், தகப்பன், குட்டிகள் எல்லாம் சேர்ந்து காட்சிக்கு வந்தன. பார்த்தவர்கள் அதிசயித்தார்கள். கண்காட்சி முடிந்த கொஞ்ச நாளில் மூன்று குட்டிகளும் செத்துப்போயின. டூயன் ங்காய், கலோஹோம், குரோமாட்டா என்று அந்த மூன்றின் பெயர்களும் இன்றுவரை பத்திரமாக இருக்கின்றன. எதனால் செத்தன என்பதை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை.

பெயருக்கு இடம் இருந்தது, காரணத்துக்கு இல்லை. வம்சாவளி எழுதுகிறவர்களின் பழைய வியாதி இது.

என் தங்கை மகளுக்கு அந்த வியாதி இல்லை. காரணம் அவள் தாத்தா, அதாவது தங்கையின் மாமனார். நாற்பது வருஷம் மண்டியில் கணக்கு எழுதியவர். பேத்தி பூனைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடப் போகிறேன் என்றதும், மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அன்னன்னைக்கு நடந்தது அன்னன்னைக்கே சிட்டாவுல ஏறணும். மறுநாள் எழுதினா அது கணக்கு இல்லே, கதை. அப்புறம், தப்பா எழுதிட்டா அடிச்சு எழுது தாயி. அழிச்சு எழுதாதே" என்றார்.

இவ்வளவு சுருக்கமாக இந்த சாஸ்திரத்தை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நோட்டின் முதல் பக்கத்திலேயே ஓர் அடித்தல் இருக்கிறது. 'தகப்பன்: சுல்தான், கறுப்பு' என்று சான்றிதழைப் பார்த்து எழுதி, பிறகு அதைக் கோடிட்டு அடித்து, 'தெரியாது' என்று எழுதியிருக்கிறாள். தடுப்பூசி போட வந்தபோது கால்நடை டாக்டர் சொன்ன விஷயம் அது.

"ஏம்மா, இது முழுச் செம்பட்டையா இருக்கிற பொட்டைக் குட்டி. இதுக்கு அப்பன் கறுப்பா இருக்க முடியாது. அந்தக் காகிதத்தை எழுதினவருக்கு இது தெரியலே போலிருக்கு" என்று சிரித்தாராம்.

வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பூனையின் செம்பட்டை நிறத்தைத் தீர்மானிக்கிற மரபணு எக்ஸ் குரோமசோமில் உட்கார்ந்திருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அது தாய் கொடுத்தது. பெண்ணுக்கு இரண்டு, தாய் ஒன்று, தகப்பன் ஒன்று. ஆகவே பெண்குட்டி முழுக்கச் செம்பட்டையாக இருந்தால், தகப்பன் கட்டாயம் செம்பட்டைதான். தகப்பன் கறுப்பானால் மகள் அதிகம் போனால் கறுப்பும் செம்பட்டையும் கலந்த சித்திரத் தோலோடுதான் பிறப்பாள். இந்த விதி வெகுகாலமாகத் தெரிந்ததுதான். மரபணுவில் அந்த மாறுதல் துல்லியமாக எங்கே இருக்கிறது என்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் 2025ல்தான் வெளியிட்டன. மனிதன் காகிதத்தில் எதை எழுதினாலும், பூனை தன் தோலில் வேறொரு சான்றிதழை எழுதி வைத்திருக்கிறது.

செவ்வந்திக்கு இரண்டு வயதானபோது வத்தலக்குண்டில் ஒரு வீட்டிலிருந்த செம்பட்டைப் பெர்சியன் ஆணோடு சேர்த்தார்கள். சேர்த்த தேதி, கதவு சாத்திய நேரம், திறந்த நேரம் எல்லாம் நோட்டில் இருக்கிறது. பூனைக்குச் சினைக்காலம் அறுபத்துமூன்று நாளிலிருந்து அறுபத்தைந்து நாள். சரியாக அறுபத்துநாலாம் நாள் நாலு குட்டிகள். ஒன்று மூன்றாம் நாள் செத்தது. 'எடை ஏறவில்லை, பால் குடிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறாள்.

இரண்டாவது ஈற்றில்தான் சிக்கல். வத்தலக்குண்டு மாப்பிள்ளை வந்துபோன மறுநாள், மொட்டைமாடிக் கதவை யாரோ திறந்து விட்டிருக்கிறார்கள். மதில்மேல் பூனை என்று நாம் பழமொழியில் சொல்கிறோமே, அது நிஜமாகவே அங்கே தயாராக நின்றது. குட்டிகள் நாலு பிறந்தன. இரண்டு பெண், இரண்டிலும் கறுப்பு கலந்திருந்தது. தாய் முழுச் செம்பட்டை. தகப்பனும் செம்பட்டை என்றால் கறுப்பு எங்கிருந்து வரும்? ஆண்குட்டிகள் இரண்டும் செம்பட்டை. ஆனால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது, ஏனென்றால் ஆணுக்கு அந்த நிறம் தாயிடமிருந்தே வருகிறது. சில வாரம் கழித்து ரோமம் வளர்ந்ததும் இன்னொரு தடயம் கிடைத்தது. நீள ரோமமுள்ள இரண்டு பூனைகளுக்குக் குட்டை ரோமக் குட்டி பிறக்காது. மூன்று குட்டிகள் குட்டை ரோமம். ஒரு கடுவன் மட்டும் நீள ரோமம். ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்மார் இருப்பது பூனை ஜாதியில் சர்வ சாதாரணம்.

தங்கை என்னிடம், "எதுக்குண்ணே இதையெல்லாம் எழுதிக்கிட்டு? எல்லாம் வத்தலக்குண்டுன்னு போட்டா யாரு கேக்கப்போறா? கொடுக்கிற இடத்துலே மரியாதையா இருக்கும்" என்றாள்.

மகள் கேட்கவில்லை. மூன்று குட்டிகளுக்கு எதிரே 'தகப்பன்: தெருப் பூனை, பெயர் இல்லை' என்றும், நாலாவதற்கு 'அநேகமாக வத்தலக்குண்டு' என்றும் எழுதினாள். அந்த 'அநேகமாக' என்ற ஒரு வார்த்தைக்காக அவளுக்கு நான் ஒரு பேனா வாங்கிக் கொடுத்தேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கு இடம் வைக்காத பதிவேடு நாளடைவில் பொய்ப் பதிவேடாகிவிடும். இங்கிலாந்துப் பொதுக்குழு இதை நன்றாக உணர்ந்திருக்கிறது. முழு வம்சாவளி உள்ளவற்றுக்கு ஒரு பதிவேடு, குறை உள்ளவற்றுக்கு வேறு பதிவேடு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். குட்டி போட வைக்கக் கூடாது என்று வளர்த்தவர் கருதும் பூனைக்கும் தனிக் குறிப்பு உண்டு.

மூன்றாவது ஈற்றில் மூன்று. ஒன்று பிறக்கும்போதே உயிரில்லை. ஆக மொத்தம் பதினொன்று. பிழைத்த ஒன்பதும் நிலக்கோட்டை, சின்னாளப்பட்டி, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், மதுரை என்று போயின. யார் வீடு, என்ன தேதி, எந்த போன் நம்பர் என்று ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம்.

செவ்வந்திக்கு ஆறு வயது முடிந்த மாசியில் அது சாப்பாட்டைக் குறைத்தது. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர மறுத்தது. பஞ்சு மூட்டைக்குள் எலும்புதான் இருந்தது. மதுரைக்கு எடுத்துப்போய் ஸ்கேன் செய்தார்கள். இரண்டு சிறுநீரகமும் முழுக்க நீர்க்கட்டி. பெர்சியன் இனத்தில் பரவலாக இருக்கிற பரம்பரை நோய் இது. கட்டிகள் சிறு வயதிலேயே தோன்றி, மெதுவாகப் பெருத்து, நடுவயதில் ஆளைச் சாய்க்கும். குணப்படுத்த மருந்து கிடையாது. இதற்குக் காரணமான மரபணுக் கோளாறு 2004லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, பரிசோதனையும் உண்டு. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், குட்டிக்கு வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு.

செவ்வந்தி பங்குனி பிறப்பதற்குள் போய்விட்டது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார்கள். அன்று ராத்திரி அந்தப் பெண் அழுதுகொண்டே நோட்டை எடுத்தாள். "மாமா, ஒம்போது வீடு இருக்கு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

முதலில் சான்றிதழ் கொடுத்த வியாபாரிக்குத்தான் பேசினாள். செவ்வந்தியின் தாய் தகப்பனுக்கு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று சொன்னாள். "நம்ம வம்சத்துலே அந்த மாதிரி எதுவும் கிடையாதும்மா" என்று அவர் போனை வைத்துவிட்டார். நாலு தலைமுறைப் பெயர் எழுதியிருந்த காகிதத்தில், ஒரு பூனை எத்தனை வயதில், எதனால் செத்தது என்று ஒரு வரி இருந்திருந்தால், இந்தச் சங்கிலி எப்போதோ அறுந்திருக்கும்.

பிறகு ஒன்பது வீடுகள். ஒரு வீட்டார் ஊர் மாறிப் போயிருந்தார்கள்; கிடைக்கவில்லை. இரண்டு வீடுகளில் காது கொடுக்கவில்லை. ஒரு அம்மாள், "எங்க பூனை நல்லாத்தான் இருக்கு. குட்டிக்கு நாலு பேர் சொல்லி வச்சிருக்காங்க. நீ இதை வெளியிலே சொல்லிக்கிட்டுத் திரியாதே" என்று கோபித்தாள். மற்ற ஆறு பேர் பரிசோதனை செய்தார்கள். மூன்று பூனைகளுக்கு நோய் இருந்தது. அவற்றில் ஒன்று வேடசந்தூர் பூனை. அதை மறுவாரம் ஜோடி சேர்ப்பதாக இருந்தார்கள், நிறுத்திவிட்டார்கள். இப்போது மூன்றுக்கும் டாக்டர் சொன்ன ஆகாரம் போகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். மூன்று வீட்டார் மூச்சு விட்டார்கள். மூன்று வீட்டார் தயாராகிக்கொண்டார்கள். இரண்டும் உபகாரந்தான்.

மதில்மேலிருந்து குதித்து வந்த பெயரில்லாத தகப்பன் இந்தக் கஷ்டத்தில் ஒரு பங்கும் கொண்டுவரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கஷ்டம் வந்தது தங்கக் கரை போட்ட பக்கத்திலிருந்துதான். வம்சாவளி பெருமைக்காக என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். மனிதர் விஷயத்தில் நாம் குலம், கோத்திரம், பத்துப் பொருத்தம் எல்லாம் பார்க்கிறோம். பெண்ணின் பாட்டனார் பெயரைக் கேட்டு வாங்குகிறோம். அவருக்கு என்ன வியாதி இருந்தது என்று கேட்டால் சம்பந்தமே முறிந்துபோகும். 'நம்ம வம்சத்திலே அதெல்லாம் கிடையாது' என்ற அதே பதில்தான் வரும். தேவையில்லாததைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி, தேவையானதை ஒரே தலைமுறையில் மறைத்துவிடுகிற சாமர்த்தியம் நமக்கு உண்டு.

வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும் என்று சொல்வேன். பிறந்த அன்றைக்கே எழுதுங்கள். குட்டிகள் எத்தனை என்பதில் செத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறம், ரோமம், அடையாளம் எழுதுங்கள். தாயைப் பற்றிச் சந்தேகமில்லை. தகப்பனைப் பற்றி எவ்வளவு நிச்சயமோ அவ்வளவே எழுதுங்கள். பூனையின் தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் அரிசி மணியளவு சில்லு வைத்து, பதினைந்து இலக்க எண் கொடுக்கிறார்கள். முடிந்தால் அதைச் செய்யலாம். ஆனால் அது திண்டுக்கல் பூட்டின் சாவி மாதிரி. 2019ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூட்டு எவ்வளவு உறுதியானாலும், பெட்டிக்குள் ஒன்றும் வைக்காமல் பூட்டினால் பூட்டு என்ன செய்யும்? எண் இந்தப் பூனைதான் அந்தப் பூனை என்று சொல்லும். அதற்கு மேல் சொல்ல வேண்டியது நோட்டுதான். நோட்டுக்கு ஒரு நகல் வேறொருவர் கையில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மரணத்துக்கு ஒரு கட்டம் போட்டு வையுங்கள்.

செவ்வந்தியின் பக்கத்தை நான் பார்த்தேன். மரணம் என்ற கட்டத்தில் தேதி இருக்கிறது. கீழே, 'சிறுநீரக நீர்க்கட்டி, பரம்பரை, ஸ்கேன் படம் பின்னால் ஒட்டியிருக்கிறது' என்று இருக்கிறது. 'பரம்பரை' என்ற வார்த்தையில் இரண்டு எழுத்து தண்ணீர் பட்டு ஊறியிருக்கிறது. அதை அவள் அடித்தும் எழுதவில்லை, அழித்தும் எழுதவில்லை. அப்படியே விட்டிருக்கிறாள்.